ஆறு மணி நேரம் என்று சொன்னவன்

நேற்று நம் வில்லியனூர் விமான டிக்கெட் கடைக்கு வந்திருந்தேன். ஓய்வு பெற்றவன் பழைய ஆபீசுக்கு வந்து உட்கார்ந்தால் யாருக்கும் பிடிக்காது என்று எனக்குத் தெரியும். ரேஷன் கார்டை ஒரு நகல் எடுக்க வேண்டியிருந்தது, பழகிய இடமாயிற்றே என்று உள்ளே நுழைந்தேன். அப்போது உங்களில் ஒருவர், பெயர் வேண்டாம், எதிரே நின்றிருந்த மனிதரிடம் கைபேசியைப் பார்த்துச் சொன்னீர்கள்: "ரீயூனியன்ல இருந்து சென்னைக்கு ஆறு மணி நேரம் சார்." அவர் தலையாட்டிவிட்டு வெளியே போனார். நான் கார்டை ஜெராக்ஸ் மிஷின் மேலேயே போட்டுவிட்டு அவர் பின்னால் ஓடினேன். மூட்டு வலிக்காரன், செருப்பைக்கூட ஒழுங்காக மாட்டவில்லை. நீங்கள் சிரித்தீர்கள். அந்தச் சிரிப்பு என் காதில் விழுந்தது.

புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு என் அனுபவத்தை நாலு பக்கம் எழுதிக் கொடுக்கும்படி இப்போது கடையை நடத்துபவர் ஆறு மாதமாகக் கேட்கிறார். மனசில்லாமல் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தேன். அந்தச் சிரிப்பு எழுத வைத்துவிட்டது. வாழ்த்துரை எதிர்பார்த்தால் இதை மடித்து வைத்துவிடுங்கள்.

இரண்டு ஊர்ப் பெயரைத் தட்டினால் நடுவில் ஒரு கோடு போட்டு, இத்தனை கிலோமீட்டர், இத்தனை மணி நேரம் என்று கைபேசியில் காட்டுகிறதே ஒரு பக்கம், அது என்ன செய்கிறது என்று யாராவது யோசித்தீர்களா? கோட்டின் நீளத்தை விமானத்தின் வேகத்தால் வகுக்கிறது. ஐந்தாம் வகுப்புக் கணக்கு. அந்தக் கோட்டின் மேல் இன்றைக்கு விமானம் பறக்கிறதா, பறந்தால் இடம் இருக்கிறதா, இறங்கின பிறகு பாகூர் வரைக்கும் யார் கூட்டி வருவது, எதுவும் அதற்குத் தெரியாது. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்று சும்மாவா சொன்னார்கள். இதையெல்லாம் சொல்லித்தர எனக்கு என்ன யோக்கியதை என்று நீங்கள் கேட்கலாம். அந்தச் சுரைக்காயை ஒரு சாவு வீட்டில் கொண்டுபோய்ப் பரிமாறியவன் நான், அதுதான் யோக்கியதை.

நம் பக்கத்துக் குடும்பங்களைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஒரு பிள்ளை பாரிசில், ஒரு பிள்ளை ரீயூனியனில், பெற்றவர்கள் இங்கே. ரீயூனியன் மொரீசியசுக்குப் பக்கத்தில் உள்ள பிரெஞ்சுத் தீவு. படத்தில் பார்த்தால் பாரிசுக்குப் பாதி தூரத்தில் நமக்குக் கிட்டக்க இருக்கும். அந்தக் கிட்டக்க என்ற வார்த்தைதான் என்னைக் கவிழ்த்தது.

அது ஒரு வியாழக்கிழமை. பாகூர்ப் பக்கத்தில் ஒரு கிராமத்தில் விடியற்காலையில் ஒரு அம்மா தவறிவிட்டார். இரண்டே பிள்ளைகள். மகன் சேகர் பாரிசில். மகள் வளர்மதி ரீயூனியனில், ஒரு முதியோர் இல்லத்தில் வேலை. மூன்று வருடமாக அவளால் ஊருக்கு வர முடியவில்லை. கைக்குழந்தை, லீவு, ஏதேதோ காரணம். ஊரில் அதைப் பற்றி ஏற்கெனவே வாய் நீளத் தொடங்கியிருந்தது. வீட்டில் முன்னின்று எல்லாம் பார்த்தவர் இறந்தவரின் அண்ணன், பிள்ளைகளுக்குத் தாய்மாமன், மாணிக்கம்.

காலை எட்டு மணிக்கே சேகருக்கு நான் டிக்கெட் போட்டுவிட்டேன். வளைகுடா வழியாக, வெள்ளிக்கிழமை மத்தியானம் வீட்டு வாசலில் இருப்பான். சுத்தமான வேலை. அந்தத் திமிரில் உட்கார்ந்திருந்தபோதுதான் பதினொரு மணிக்கு மாணிக்கம் கூப்பிட்டார்.

"இன்னாபா, ஸ்பீக்கர்ல போட்டிருக்கேன், எல்லாரும் கேக்கறாங்க. சேகர் நாளைக்கு மத்தியானம் வந்துடுவான். வளர்மதி எப்ப வரும்? இங்க ரெண்டு பேச்சு போவுது. நாளைக்கே எடுத்துடலாமா, இல்ல ஐஸ் பொட்டியிலயே வெச்சிருந்து ஞாயித்துக்கெழம எடுக்கலாமான்னு. நாளைய விட்டா சனிக்கெழம ஆயிடும். நீ சொல்றதுதான்."

சனிப் பிணம் தனியாகப் போகாது என்று நம் ஊரில் எத்தனை பயம் என்று தெரியுமல்லவா. சனிக்கிழமை எடுக்க மாட்டார்கள். ஒன்று வெள்ளி, இல்லையென்றால் ஞாயிறு. ஞாயிறு வரை காத்திருக்கவும் அந்த வீடு தயாராக இருந்தது. இதை நன்றாக மனதில் வாங்கிக்கொள்ளுங்கள். காத்திருக்க மாட்டோம் என்று யாரும் சொல்லவில்லை. என்னைத்தான் கேட்டார்கள்.

எனக்குத் தொழில் கற்றுக்கொடுத்த முதலாளி ஒரே ஒரு பாடம்தான் சொல்லியிருந்தார்: தெரியாது என்று மட்டும் கஸ்டமரிடம் சொல்லாதே, சொன்னால் அடுத்த கடைக்குப் போய்விடுவான். இருபது வருடம் அதை வேதவாக்காக வைத்திருந்தேன். ஸ்பீக்கரில் ஒரு வீடே காது கொடுத்துக்கொண்டிருக்கிறது. ஐந்து நிமிடம் பொறுங்கள், பார்த்துச் சொல்கிறேன் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. கைபேசியில் இரண்டு ஊரையும் தட்டினேன். நாலாயிரத்து அறுநூறு கிலோமீட்டர் சொச்சம், ஆறு மணி நேரம் சொச்சம் என்று காட்டியது.

"ரீயூனியனா? பக்கந்தாங்க. பாரிசுல பாதி தூரம். ஆறு மணி நேரம்" என்றேன்.

"அப்ப சேகருக்கு முன்னாடி அது வந்துடும்" என்று பின்னாலிருந்து யாரோ ஒரு பெண் சொன்னது கேட்டது. "சரி, நாளைக்கு நாலு மணிக்கு எடுத்துடலாம்" என்றார் மாணிக்கம். போனை வைத்துவிட்டார். மொத்தம் ஒரு நிமிடம்கூட ஆகியிருக்காது.

அதற்கப்புறம்தான் டிக்கெட் போட சிஸ்டத்தைத் திறந்தேன். அப்போது அந்தத் தீவிலிருந்து சென்னைக்கு நேராக வாரத்துக்கு ஒரு விமானம்தான். புதன்கிழமை. புதன்கிழமை என்பது நேற்று. அடுத்தது ஆறு நாள் கழித்து. மற்ற வழி எல்லாவற்றையும் தேடினேன். பாரிசுக்கே போய்த் திரும்பி வரும் வழி, மும்பை வழி, ஆப்பிரிக்கா வழி. எதைப் போட்டாலும் சனிக்கிழமைக்கு முன்னால் சென்னை இல்லை. கிடைத்ததில் சீக்கிரமானது இது: அன்று சாயந்திரம் மொரீசியஸ், அங்கே ராத்திரி முழுக்கக் காத்திருப்பு, வெள்ளிக்கிழமை துபாய், அங்கே மறுபடியும் காத்திருப்பு, சனிக்கிழமை விடிகாலையில் சென்னை.

பன்னிரண்டு மணிக்கு வளர்மதியே கூப்பிட்டாள். அழுது அழுது குரல் கட்டியிருந்தது.

"ணா, மாமா ஆறு மணி நேரத்துல வந்துடலாமேன்றாரு. நேர் ஃப்ளைட்டு நேத்தே போயிடிச்சே. யாரு சொன்னது அவருகிட்ட?"

இந்த இடத்தில் நான் சொன்ன பதிலை எழுதுவதற்கு எனக்கு வெட்கமாக இருக்கிறது. எழுதுகிறேன்.

"யாராவது நெட்டுல பாத்துட்டுச் சொல்லியிருப்பாங்கம்மா."

"நீங்களே மாமாகிட்ட சொல்லிடுங்கணா. நான் சொன்னா வராததுக்குச் சாக்கு சொல்றேன்னுவாரு. நீங்க சொன்னா நம்புவாரு. ஞாயித்துக்கெழம வரைக்கும் வெக்கச் சொல்லுங்க. அம்மா மொகத்த ஒரு தரம் பாத்துட்டா போதும். எந்த வழியா இருந்தாலும் போடுங்க, நின்னுகிட்டே வர்றேன்."

சொல்கிறேன் என்றேன். அந்த மொரீசியஸ் வழியைப் போட்டுவிட்டு மாணிக்கத்துக்குப் போன் செய்தேன். இரண்டு வாக்கியம் சொல்லியிருக்க வேண்டும். நான் தப்பாகச் சொல்லிவிட்டேன், சனிக்கிழமைதான் வர முடியும், ஞாயிற்றுக்கிழமை எடுங்கள். அவ்வளவுதான். இருபது வருடத்துப் பெயர் போய்விடுமே என்று அதை விழுங்கிவிட்டேன். "டிக்கெட்டு கொஞ்சம் சிக்கலா இருக்குங்க, பாத்துட்டு இருக்கேன்" என்றேன். அவரும் சரி என்று வைத்துவிட்டார். சாவு வீட்டுக்காரருக்கு ஆயிரம் வேலை.

அப்புறம் ஆறு மணி வரை நான் என்ன செய்தேன் தெரியுமா? இல்லாத விமானத்தைத் தேடினேன். ஒவ்வொரு வழியையும் மூன்று தடவை, நாலு தடவை போட்டுப் பார்த்தேன். அதைக் கடமை என்று வேறு நினைத்துக்கொண்டேன். உண்மையில் அந்தப் போனைச் செய்யாமல் இருப்பதற்கு வேலை தேடிக்கொண்டிருந்தேன், அவ்வளவுதான். பக்கத்து மேசையிலிருந்து முதலாளி எட்டிப் பார்த்தார். "சீட்டு இல்லன்னு சொல்லிடு. நாம இன்னா பண்ண முடியும்?" என்றார். கற்றுக்கொடுத்தவராயிற்றே, மறுபேச்சு ஏது.

ஆறு மணிக்கு மாணிக்கமே கூப்பிட்டார்.

"இன்னாபா ஆச்சி?"

"சனிக்கெழம காலையிலதாங்க சென்னைக்கு வருவாங்க."

"ஆறு மணி நேரம்னு சொன்னியேபா."

"சீட்டு இல்லங்க."

"போஸ்டரு ஒட்டியாச்சி. நாலு மணின்னு போட்டு கடலூரு, வெழுப்பொரம் எல்லாம் சேதி போயிடிச்சி. எப்பிடி மாத்தறது?" என்றார். நம் பக்கத்தில் கண்ணீர் அஞ்சலிப் போஸ்டரில் நேரம் ஏறிவிட்டால் அதற்குமேல் அப்பீல் கிடையாது. பின்னால் யாரோ பேசியது எனக்குத் தெளிவாகக் கேட்டது: "காலையிலயே போட்டிருந்தா சீட்டு கெடைக்காம எங்க போவும். அவளுக்கு மனசு இருந்தாத்தானே."

சீட்டு இல்லை என்று நான் சொன்ன இரண்டு வார்த்தையில் குற்றம் அவள் தலைக்கு மாறிவிட்டது. பாருங்கள், அப்போதுகூட நான் வாயைத் திறக்கவில்லை. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்துவிட்டு அன்றைக்கு ஆபீசைப் பூட்டினேன்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் சேகர் வந்தான். நாலு மணிக்கு எடுத்தார்கள். கொள்ளி வைத்தான்.

சனிக்கிழமை வளர்மதியைக் கூட்டிவர நானே காரில் சென்னைக்குப் போனேன். அதை நல்லெண்ணம் என்று நினைக்காதீர்கள், உறுத்தல். கண்ணெல்லாம் வீங்கி, காலெல்லாம் வீங்கி, குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு வெளியே வந்தாள். கிழக்குக் கடற்கரைச் சாலையில் மூன்று மணி நேரம். மரக்காணம் தாண்டும்போது ஒரே ஒரு கேள்வி கேட்டாள்: "ஞாயித்துக்கெழம வரைக்கும் வெக்கச் சொல்லி மாமாகிட்ட கேட்டீங்களாணா?" நான் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு, "போஸ்டரு ஒட்டிட்டாங்கம்மா" என்றேன். அது பொய்யில்லை. பொய்யைவிடக் கேவலமான பதில் அது.

நாங்கள் போய்ச் சேர்ந்த நேரம், சுடுகாட்டில் பால் தெளித்துவிட்டு ஆண்கள் ஈரத்தலையோடு திரும்பி வந்துகொண்டிருந்தார்கள். அவள் காரைவிட்டு இறங்கினாள். கூட்டத்தில் ஒருவர் அவள் காதில் விழும்படியாகவே சொன்னார்: "எட்டாயிரம் மைலுக்கு அந்தாண்ட இருந்தவன் வந்துட்டான். பக்கத்துல இருந்தவளுக்கு வழி தெரியல." மைலுக்கும் கிலோமீட்டருக்கும் வித்தியாசம் தெரியாத ஆள். அவருக்குப் பக்கம், தூரம் என்று கணக்குச் சொல்லிக்கொடுத்தது யார்? காரின் கதவைப் பிடித்துக்கொண்டு பத்தடி தள்ளி நின்ற நான். டிரைவரிடம் வண்டியைத் திருப்பு என்றேன். முப்பது வருடப் பணியில் என்னை நானே செருப்பால் அடித்துக்கொள்ள வேண்டிய நேரம் எது என்று கேட்டால் அதுதான்.

காரியம் முடிந்த மறுநாள் அவள் கடைக்கு வந்தாள். எதிரே உட்கார்ந்தாள். தண்ணீர் கொடுத்தேன், தொடவில்லை.

"சேகர் சொன்னான். ஸ்பீக்கர்ல ஆறு மணி நேரம்னு சொன்னது டிக்கெட்டுக்காரருதான்னு. யாரோ நெட்டுல பாத்திருப்பாங்கன்னு சொன்னீங்களே, அந்த யாரோ நீங்கதானா?"

"ஆமாம்மா."

கத்துவாள் என்று நினைத்தேன். கத்தியிருந்தால் தேவலாம்.

"தப்பா சொன்னதுக்கு நான் ஒண்ணும் சொல்லலணா. வேலைன்னா தப்பு வரும். நான் பாத்துக்கற கெழவிங்களுக்கு ஒருத்தர் மாத்திர இன்னொருத்தருக்குப் போயிட்டா, அந்த நிமிஷமே பெல்லு அடிக்கணும். நான்தான் மாத்திக் குடுத்துட்டேன்னு சொல்லணும். அடிச்சா திட்டுவாங்க, ஆனா கெழவி பொழைக்கும். மறைச்சாதான் சாவும். போஸ்டரு ஒட்னது அஞ்சு மணிக்கு மேல. நான் உங்ககிட்ட பேசனது பன்னண்டு மணிக்கு. அஞ்சு மணி நேரம் இருந்திச்சி உங்ககிட்ட. பெல்லு அடிக்கலியே நீங்க."

எனக்கு முப்பது வருடத்தில் தொழில் கற்றுக்கொடுத்த ஒரே ஆள் அவள்தான். விமானத்தைப் பற்றி ஒரு வார்த்தைகூட அவள் பேசவில்லை.

"வூட்டுக்கு வந்து மாமாகிட்ட நீங்களே சொல்லணும்" என்றாள். அன்று சாயந்திரமே போனேன். கூடத்தில் மாணிக்கமும் உறவுக்காரர்கள் நாலைந்து பேரும் உட்கார்ந்திருந்தார்கள். சமையல்கட்டு வாசலில் வளர்மதி குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றாள். நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். வாரத்துக்கு ஒரு விமானம்தான், அது முதல் நாளே போய்விட்டது, சீட்டு இல்லை என்று நான் சொன்னது பொய், தப்பு முழுக்க என்னுடையது.

மாணிக்கம் பொறுமையாகக் கேட்டார். அப்புறம் என் கையைப் பிடித்து உட்கார வைத்தார்.

"முடிஞ்சத வுடுபா. பொண்ணு அழுதுச்சுன்னு நீ வந்து பழிய உன் தலையில போட்டுக்கற. உனக்கு நல்ல மனசு. காப்பி குடிச்சிட்டுப் போ."

நான் தலையில் அடித்துக்கொள்ளாத குறையாக மறுபடியும் சொன்னேன். எல்லோரும் என்னைப் பரிவோடு பார்த்தார்கள். பதினேழு நாள் கழித்துச் சொன்ன உண்மை அந்த வீட்டில் என் பெருந்தன்மையாகிவிட்டது. பழி அவளிடமே இருந்தது, எனக்கு மரியாதை கூடியது. வளர்மதி உள்ளே போய்விட்டாள். அந்தப் புதன்கிழமை நேர் விமானத்தில் ரீயூனியனுக்குப் போனாள். டிக்கெட் நான்தான் போட்டேன். அன்றைக்கு மட்டும் அது ஆறு மணி நேரம் சொச்சம்தான். அப்புறம் அவள் ஊர்ப் பக்கம் வரவேயில்லை.

உலை வாயை மூடினாலும் ஊர் வாயை மூட முடியாது. போன மாதம் ஒரு கல்யாண மண்டபத்தில் பந்தியில் பக்கத்து இலைக்காரர் அந்தக் குடும்பத்தைப் பற்றிப் பேச்செடுத்தார். முன்பின் தெரியாத ஆள். "பொண்ணு ஒண்ணு ஆறு மணி நேரத் தொலைவுல இருந்துச்சாம், பெத்தவ மொகத்த பாக்க வரலியாம்" என்றார். நான் உண்மையைச் சொன்னேன். "நீங்க அவங்களுக்குச் சொந்தமா?" என்று கேட்டுவிட்டு ரசத்துக்குக் கையை நீட்டினார். நான் உளறிய ஒரு எண் இத்தனை வருடமாக ஊருக்கு ஊர் நடந்துகொண்டிருக்கிறது. வாரத்துக்கு ஒரு நாள் என்றில்லாமல் தினமும் போகிறது அது.

அந்தச் சாவுக்கப்புறம் எத்தனை மணி நேரம் என்று யார் கேட்டாலும் நான் பதில் சொன்னதில்லை. ஆள் எந்த நாள், எத்தனை மணிக்கு வீட்டு வாசலில் நிற்பார் என்று ஒரு சீட்டில் எழுதிக் கொடுப்பேன். அதற்கு முன்னால் உங்கள் வீட்டில் என்ன விசேஷம், என்ன அவசரம் என்று கேட்பேன். பார்க்க நேரம் வேண்டுமென்றால் வேண்டும் என்பேன். ஒரு கஸ்டமரும் அடுத்த கடைக்குப் போகவில்லை. முதலாளி சொன்னது தப்பு. எழுதிக் கொடுத்தது தப்பாகப் போனால் சிஸ்டத்தைத் தொடுவதற்கு முன்னால் போனைத் தொட்டேன். இதெல்லாம் பெரிய வித்தை இல்லை.

நேற்றைக்கு வருகிறேன். நீங்கள் தலையாட்ட வைத்து அனுப்பிய மனிதரைத் தேர் நிற்கும் இடத்துக்குக் கிட்டே பிடித்தேன். மூச்சு வாங்கியது. உள்ளே சொன்ன ஆறு மணி நேரம் தப்பு, எந்த நாள் விமானம் என்று பார்க்காமல் சொல்லிவிட்டார்கள் என்றேன். ஏற இறங்கப் பார்த்தார்.

"நீங்க யாரு சார்?"

"ஆறு மணி நேரம்னு மொதல்ல சொன்னவன்" என்றேன். அவருக்குப் புரிந்திருக்காது. உங்கள் வீட்டில் என்ன விஷயம் என்று கேட்டேன். அப்பா ஆஸ்பத்திரியில் இருக்கிறாராம். டாக்டர் கையை விரித்துவிட்டாராம். மூச்சுக்காக வாயில் வைத்த குழாயை எப்போது எடுக்கலாம் என்று வீட்டாரைக் கேட்டிருக்கிறார்களாம். தீவில் இருக்கும் தங்கை வருகிற நேரத்தைக் கேட்டுச் சொல்லத்தான் கடைக்கு வந்திருக்கிறார்.

இதை நீங்கள் கேட்கவே இல்லை. கேட்டிருந்தால் அரை நிமிடம் ஆகியிருக்கும்.

அவர் அங்கேயே நின்று ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டார். "யம்மா, டாக்டர்கிட்ட இன்னும் ஒண்ணும் சொல்லாத. நேரம் தப்பாம். நான் வந்து சொல்றேன்" என்றார். அந்தப் பக்கம் அழுகைச் சத்தம் கேட்டது. நான் ஒரு கடையின் படியில் உட்கார்ந்துவிட்டேன். அவரைத் திரும்பக் கூட்டிவந்து உங்கள் மேசை முன்னால் உட்கார வைத்தது எதற்கென்று இப்போதாவது புரிகிறதா? ஓடியவன் நான். ஓடியிருக்க வேண்டியவர் நீங்கள்.